66 ஜிபி ராம், 67 ஜிபி டேட்டா: ஒரு திங்கட்கிழமையின் வரலாறு

இது எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக இருக்கட்டும் என்று பேச்சைக் கொஞ்சம் செதுக்கியிருக்கிறேன்.

இன்றைக்கு ஒரு சர்வர் படுத்த கதை.

2010 அக்டோபர் 4, திங்கட்கிழமை. நியூயார்க் நேரப்படி காலை சுமார் 11 மணி. ஃபோர்ஸ்கொயர் என்கிற ஆப்பின் டேட்டாபேஸ் சர்வர் ஒன்று திணற ஆரம்பித்தது. மதியம் 12:30 வரைக்கும் இன்ஜினியர்கள் லோடை அங்கே இங்கே நகர்த்திப் பார்த்தார்கள், சரிவரவில்லை. அதற்குப் பிறகு மொத்த சேவையும் நின்றது. திரும்ப உயிர் வந்தபோது மணி இரவு 11:30.

அன்றைக்கு யாரும் தப்பான கோடை ஏற்றிவிடவில்லை. டிஸ்க் பழுதாகவில்லை. வெளியிலிருந்து யாரும் தாக்கவில்லை. நடந்தது ஒன்றுதான். அந்த சர்வரில் இருந்த ராம் 66 ஜிபி. அதில் இருந்த டேட்டா வளர்ந்து வளர்ந்து 67 ஜிபி ஆகிவிட்டது.

ஒரே ஒரு ஜிபி, மக்களே. சதவீதத்தில் சொன்னால் ஒன்றரை. ஒன்றரை சதவீதம் கூடினால் ஒன்றரை சதவீதம் ஸ்லோ ஆகணும், அதுதானே நியாயம்? மொத்தமா ஏன் படுத்துச்சு? இன்னொரு கேள்வியும் இருக்கு. நடுவில் அந்த சர்வரிலிருந்து 5 சதவீத டேட்டாவை எடுத்து வேறு மெஷினுக்கு மாற்றினார்கள். அப்படியென்றால் டேட்டா ராமுக்குள் அடங்கியிருக்க வேண்டும். ஆனால் சர்வர் அசையவே இல்லை. அது ஏன்?

இந்த ரெண்டு கேள்விக்கும் பதில் தெரிந்தால், உங்க ஆபீஸ் டேட்டாபேஸில் "மெமரி 95 சதவீதம்" என்று ராத்திரி 2 மணிக்கு அலர்ட் வரும்போது எதைப் பார்க்கணும், எதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்று தெரிந்துவிடும். ஆனால் பதில் 2010-இல் இல்லை. 1962-இல் தொடங்குகிறது.

மான்செஸ்டரில் ஒரு பொய்

1962 டிசம்பர் 7. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அட்லஸ் என்கிற கம்ப்யூட்டரை முறைப்படி தொடங்கி வைத்தார்கள். டாம் கில்பர்ன் தலைமையிலான பல்கலைக்கழகக் குழுவும் ஃபெரான்டி நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியது.

அதன் வேகமான மெமரி, அதாவது கோர் மெமரி, 16,384 சொற்கள். ஒரு சொல் 48 பிட். இன்றைய கணக்கில் மொத்தமே 96 கேபி. இந்த எபிசோடுக்கு நான் போட்ட கவர் படம்கூட அதற்குள் அடங்காது. பக்கத்தில் காந்த டிரம் என்று ஒரு சேமிப்பு இருந்தது, கோரைப் போல 6 மடங்கு பெரியது. ஆனால் வேகத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கோரிலிருந்து ஒரு சொல்லை எடுக்க சுமார் 2 மைக்ரோசெகண்ட். டிரம் சுழன்று வந்து சேர சராசரியாக 6 மில்லிசெகண்ட். 3,000 மடங்கு.

அதற்கு முன்பெல்லாம் எதை எப்போது கோருக்குள் கொண்டு வருவது, எதை டிரம்முக்குத் தள்ளுவது என்று புரோகிராம் எழுதுபவரே திட்டம் போட வேண்டும். கில்பர்ன் குழு அந்தத் தலைவலியை மெஷினிடமே கொடுத்தது. புரோகிராமிடம் ஒரு பொய் சொன்னார்கள்: "உனக்கு ஒரே ஒரு பெரிய மெமரிதான் இருக்கு, தாராளமா பயன்படுத்திக்கோ." பின்னணியில் மெமரியை 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பிரித்து, தேவைப்படும் பக்கத்தை டிரம்மிலிருந்து கோருக்குக் கொண்டு வருவதும், கொஞ்ச நாளில் தேவைப்படாது என்று தோன்றும் பக்கத்தை வெளியே தள்ளுவதும் மெஷினின் வேலை. இன்று நாம் விர்ச்சுவல் மெமரி என்று சொல்வது இதைத்தான்.

இங்கே ஒரு வார்த்தையைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்க: பக்கம். மெமரி உள்ளே வருவதும் வெளியே போவதும் பக்கம் பக்கமாகத்தான். ஒரு பைட் வேண்டுமென்றாலும் முழுப் பக்கமும் வரணும். கதையின் கடைசியில் ஃபோர்ஸ்கொயரை மாட்டி வைக்கப் போவது இந்த வார்த்தைதான்.

சுறுசுறுப்பாக ஒன்றும் செய்யாமல் இருப்பது

பொய் நன்றாகவே எடுபட்டது. அதைப் பார்த்து மற்ற கம்ப்யூட்டர்களும் கற்றுக்கொண்டன. 1960களின் நடுவில் ஒரே மெஷினில் பல பேருடைய புரோகிராம்களை ஒரே நேரத்தில் ஓட்டுகிற முறை பரவியது. அப்போது ஒரு விசித்திரம் தெரிய ஆரம்பித்தது.

10 புரோகிராம் ஓடும்போது மெஷின் ஜம்மென்று ஓடும். 11-வது சேர்த்தால் கொஞ்சம் மந்தமாகும். 12-வதைச் சேர்த்தால் திடீரென்று எதுவுமே நகராது. டிரம்மும் டிஸ்க்கும் மட்டும் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். எண்ணிக்கை உதாரணத்துக்குத்தான், ஆனால் நடந்தது இதுதான். ஒரு புரோகிராமுக்கு வேண்டிய பக்கத்தைக் கொண்டு வர இன்னொன்றின் பக்கத்தைத் தள்ள வேண்டும். தள்ளிய மறுநொடி அந்த இன்னொன்று தன் பக்கத்தைக் கேட்கும். அதைக் கொண்டு வர மூன்றாவதின் பக்கம் வெளியே போகும். எல்லோரும் காத்திருப்பார்கள், யாரும் வேலை செய்ய மாட்டார்கள்.

இன்னும் மோசம் என்னவென்றால், ப்ராசஸர் சும்மா இருப்பதைப் பார்த்த ஷெட்யூலர், "அட, ஆள் சும்மா இருக்காரே" என்று நினைத்து இன்னொரு புரோகிராமை உள்ளே விடும். எரிகிற நெருப்பில் எண்ணெய்.

இதைச் சரியாகப் பிரித்துப் பார்த்துச் சொன்னவர் பீட்டர் டென்னிங். எம்ஐடியில் முனைவர் பட்டம் முடித்த இளைஞர். 1968-இல் இரண்டு கட்டுரைகள் வெளியிட்டார். ஒன்று இந்த நிலைமையைப் பற்றியது, அதற்குப் பெயர் த்ராஷிங். இன்னொன்று அதற்கான மருந்து, அதற்குப் பெயர் வொர்க்கிங் செட்.

வொர்க்கிங் செட் என்பது சுலபமான விஷயம்தான். ஒரு புரோகிராமிடம் மொத்தம் எத்தனை பக்கம் இருக்கிறது என்று பார்க்காதே. கடந்த கொஞ்ச நேரத்தில் எத்தனை பக்கத்தைத் தொட்டது என்று பார். தொட்ட பக்கங்கள் ராமுக்குள் இருந்தால் புரோகிராம் ஓடும். இல்லையென்றால் ஓடாது. எல்லோருடைய வொர்க்கிங் செட்டையும் கூட்டினால் ராமைத் தாண்டுகிறதா? அப்படியென்றால் புதிதாக யாரையும் உள்ளே விடாதே, முடிந்தால் ஒருவரை வெளியே உட்கார வை.

நம்ம டேட்டாபேஸ் சர்வருக்கும் இதே கணக்குதான். 2 டிபி டேட்டா இருக்கும், அதில் மக்கள் தினமும் தொடுவது 20 ஜிபியாக இருக்கும். 32 ஜிபி ராமில் அது சௌக்கியமாக ஓடும். இன்னொரு டேட்டாபேஸில் 67 ஜிபிதான் இருக்கும், ஆனால் அத்தனையையும் தொட்டுக்கொண்டே இருப்பார்கள். அதற்கு 66 ஜிபி போதாது.

ஸ்டோன்பிரேக்கரின் புகார்

கதையில் இன்னும் ஒருவர் இருக்கிறார், மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர். பெர்க்லியில் இன்க்ரெஸ் என்கிற டேட்டாபேஸை யூனிக்ஸ் மேல் கட்டியவர். 2014-ஆம் ஆண்டின் டூரிங் விருது பெற்றவர். 1981-இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். சுருக்கமாகச் சொன்னால் அது ஆபரேட்டிங் சிஸ்டம் மேல் ஒரு புகார் மனு.

எந்தப் பக்கத்தை ராமில் வைப்பது, எதைத் தள்ளுவது என்று ஆபரேட்டிங் சிஸ்டம் முடிவு செய்கிறது. அதற்கு டேட்டாபேஸைப் பற்றி என்ன தெரியும்? ஒரு டேபிளை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒரே ஒரு தடவை படிக்கிறோம், படித்த பக்கம் இனி வேண்டாம் என்பது டேட்டாபேஸுக்குத் தெரியும், சிஸ்டத்துக்குத் தெரியாது. எந்தப் பக்கத்தை எப்போது டிஸ்க்கில் எழுதியே ஆகணும் என்பதும் டேட்டாபேஸுக்குத்தான் தெரியும். அதனால் தன் மெமரியைத் தானே நிர்வகிப்பதுதான் டேட்டாபேஸுக்கு நல்லது என்பது அவருடைய வாதம். ஃபைலை அப்படியே விர்ச்சுவல் மெமரியில் ஒட்டி வைத்துக்கொள்ளும் வழியையும் அதே கட்டுரையில் எடுத்துப் பார்த்து, அதிலுள்ள சிக்கல்களையும் சொல்லியிருந்தார்.

பெரிய டேட்டாபேஸ்கள் இந்த வழியில்தான் போயின. மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபிக்கு பஃபர் பூல், போஸ்ட்கிரெஸுக்கு ஷேர்டு பஃபர்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் சொந்த மெமரிப் பகுதி உண்டு.

2009-இல் டென்ஜென் என்கிற நியூயார்க் நிறுவனம் மாங்கோடிபியை வெளியிட்டபோது வேறு வழியை எடுத்தது. ஃபைலை விர்ச்சுவல் மெமரியில் ஒட்டிவிடு, பக்கங்களை லினக்ஸ் பார்த்துக்கொள்ளும். எம்மேப் என்று சொல்வார்கள். சின்ன டீமுக்கு இது பெரிய நிம்மதி, எவ்வளவோ கோட் எழுத வேண்டாம். டேட்டா ராமுக்குள் இருக்கிற வரை வேகமும் அருமை. ஸ்டோன்பிரேக்கர் சொன்ன சிக்கல்கள் தலைகாட்டுவது டேட்டா ராமைத் தாண்டும்போதுதான்.

செக்-இன் என்றால் சும்மாவா

இப்போது ஃபோர்ஸ்கொயருக்கு வருவோம். டென்னிஸ் குரோலியும் நவீன் செல்வதுரையும் சேர்ந்து தொடங்கி, 2009 மார்ச்சில் ஆஸ்டின் நகரில் வெளியிட்ட ஆப். ஒரு காபிக் கடைக்குப் போனால் போனை எடுத்து "நான் இங்கே இருக்கேன்" என்று செக்-இன் போட வேண்டியிருந்தது. கடந்த 60 நாளில் அந்த இடத்தில் அதிக நாள் செக்-இன் போட்டவர் அந்த இடத்துக்கு மேயராக இருந்தார். அதுபோக விதவிதமான பேட்ஜ்கள். 2010-இல் அதில் 30 லட்சம் பேர் இருந்தார்கள்.

டேட்டாபேஸ் கண்ணால் இதைப் பாருங்க. ஒரு செக்-இன் என்பது சுமார் 300 பைட் கொண்ட ஒரு சின்ன ரெக்கார்டு. ஆனால் அது உள்ளே வந்ததும் மேயர் யார், பேட்ஜ் கிடைக்குமா என்று பார்க்க அந்த ஆளின் பழைய செக்-இன்களையும் புரட்டணும். இன்று போட்டதும், ஆறு மாதத்துக்கு முன் போட்டதும் ஒன்றாகத் தேவைப்படும். அதாவது டேட்டா முழுவதுமே கிட்டத்தட்ட வொர்க்கிங் செட். தொடாமல் தூங்குகிற பகுதி என்று பெரிதாக எதுவும் இல்லை.

முதலில் எல்லாம் அமேசானின் ஒரே மெஷினில் இருந்தது, 66 ஜிபி ராம். டேட்டா அந்த அளவை நெருங்கியதும், அக்டோபருக்கு இரண்டு மாதம் முன்பு, இரண்டு மெஷின்களாகப் பிரித்தார்கள். ஷார்டிங் என்று சொல்வது இதைத்தான். யூசர் ஐடியை வைத்துப் பாதி இங்கே, பாதி அங்கே. ஆளுக்கு சுமார் 33 ஜிபி. ராமில் பாதி காலி. நிம்மதி.

ஆனால் யூசர்கள் சமமாகப் பிரிந்தாலும் பழக்கம் சமமாகப் பிரியாதே. ஒருவர் நாளைக்குப் பத்து செக்-இன் போடுவார், இன்னொருவர் மாதத்துக்கு ஒன்று. இரண்டே மாதத்தில் ஒரு மெஷின் 50 ஜிபியில் நின்றது. இன்னொன்று 67-ஐத் தொட்டது.

ஒன்றரை சதவீதத்தின் விலை

முதல் கேள்விக்கு இப்போது கணக்கு போடலாம். அட்லஸ் காலத்தில் கோருக்கும் டிரம்முக்கும் 3,000 மடங்கு வித்தியாசம் என்றேன். 2010-இல் ராமிலிருந்து எடுக்க சுமார் 100 நேனோசெகண்ட், சுழலும் டிஸ்க்கில் ஓர் இடத்தைத் தேடி எடுக்க சுமார் 10 மில்லிசெகண்ட். ஒரு லட்சம் மடங்கு.

100 தடவை மெமரியைத் தொடும்போது ஒன்றரைத் தடவை டிஸ்க்குக்குப் போக வேண்டியிருந்தால், சராசரி நேரம் 100 நேனோசெகண்டிலிருந்து 150 மைக்ரோசெகண்டுக்கு ஏறுகிறது. 1,500 மடங்கு. ஒன்றரை சதவீதம் நமக்குத் தரும் பில் இதுதான்.

அடுத்தது டிஸ்க்கின் தாங்கும் சக்தி. சுழலும் டிஸ்க் ஒன்று விநாடிக்கு நூறு, நூற்றைம்பது ரேண்டம் ரீட் செய்தாலே பெரிய விஷயம். உங்க சர்வர் விநாடிக்கு 20,000 பக்கங்களைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒன்றரை சதவீதம் என்றால் 300. டிஸ்க்கால் முடிந்ததைப் போல இரண்டு மடங்கு. கியூ வளரும். வளர்ந்துகொண்டே இருக்கும். யூசர்கள் பொறுமை இழந்து திரும்பத் திரும்ப அமுக்குவார்கள், கியூ இன்னும் வளரும். டென்னிங் 1968-இல் வரைந்த படம், 42 வருஷம் கழித்து செக்-இன் பட்டன் வழியாக வருகிறது.

இதோடு அன்றைய மாங்கோடிபியில் சர்வர் முழுவதற்கும் எழுதுவதற்கு ஒரே பூட்டுதான். பூட்டைக் கையில் வைத்திருப்பவர் டிஸ்க்குக்காகக் காத்திருந்தால் பின்னால் உள்ள அத்தனை பேரும் காத்திருக்கணும். 2012-இல் வந்த 2.2 பதிப்பில்தான் அதை டேட்டாபேஸுக்கு ஒரு பூட்டு என்று பிரித்தார்கள்.

அதனால்தான் மெமரிப் பிரச்சினை முன்னறிவிப்பு இல்லாமல் வருகிற மாதிரி தெரிகிறது. 64 ஜிபியில் எல்லாம் பச்சை. 65-இலும் பச்சை. 67-இல் பாதாளம். பதிலளிக்கும் நேரத்தை மட்டும் கிராஃபில் பார்த்துக்கொண்டிருப்பவருக்குக் கடைசி நிமிஷம் வரை ஒன்றும் தெரியாது.

ஹாஸ்டல் ரிஜிஸ்டர்

மதியம் 12:30. மூன்றாவதாக ஒரு மெஷினைச் சேர்த்து, நிரம்பி வழிந்த மெஷினிலிருந்து 5 சதவீத டேட்டாவை அங்கே நகர்த்தினார்கள். 67-இல் 5 சதவீதம் போனால் 64-க்குள் வந்துவிடும். காகிதத்தில் கணக்கு சரி. ஆனால் சர்வர் எழவில்லை.

காரணத்தைப் புரிந்துகொள்ள நம்ம காலேஜ் ஹாஸ்டல் கேட்டில் வாட்ச்மேன் அண்ணன் வைத்திருப்பாரே, அந்த இன்-அவுட் ரிஜிஸ்டரை நினைச்சுப் பாருங்க. யார் எப்போது வெளியே போனார் என்று நேர வரிசைப்படி எழுதுவார். ஒரு பக்கத்துக்கு 13 வரி. ஹாஸ்டலில் 20 ரூம். 12-ஆம் ரூம் பசங்களை வேறு பிளாக்குக்கு மாற்றியாச்சு, அதனால் அவர்களுடைய வரிகளையெல்லாம் அங்கே உள்ள ரிஜிஸ்டருக்குப் படியெடுத்துவிட்டு, இங்கே அடித்துவிடுகிறோம். 20 ரூமில் ஒன்று, அதாவது 5 சதவீதம் போயிற்று. இப்போது ரிஜிஸ்டரின் தடிமன் 5 சதவீதம் குறைஞ்சுதா? ஒரு தாள்கூடக் குறையாது. ஒவ்வொரு பக்கத்திலும் மற்ற ரூம் பசங்க இருக்கிறார்களே, எந்தத் தாளைக் கிழிப்பீங்க?

ஃபோர்ஸ்கொயரில் நடந்தது அதேதான். லினக்ஸின் பக்கம் 4 கேபி. 300 பைட் ரெக்கார்டு ஒரு பக்கத்தில் சுமார் 13 உட்காரும். ரெக்கார்டுகள் உட்கார்ந்தது வந்த நேர வரிசையில். எடுத்தது யூசர் ஐடி வரிசையில். ஒரு பக்கத்தில் 13 பேரும் அந்த 5 சதவீதத்தைச் சேர்ந்தவர்களாக இருந்தால்தான் அந்தப் பக்கம் காலியாகும். தற்செயலாகக் கலந்திருக்கிறார்கள் என்று வைத்தால் அதற்கான வாய்ப்பு 0.05-ஐ 13 தடவை பெருக்கிய எண். புள்ளிக்குப் பிறகு 16 பூஜ்யம் போட்டு, அதற்குப் பிறகுதான் முதல் எண்ணே வரும். அந்த சர்வரில் இருந்ததோ சுமார் 1.75 கோடி பக்கம். காலியானது எத்தனை? கணக்குப்படி ஒன்றும் இல்லை. பாதிப் பக்கங்களில் ஒரு வரிகூடப் போயிருக்காது. மீதிப் பாதியில் ஒன்றோ இரண்டோ ஓட்டை.

டேட்டா குறைந்தது. தொட வேண்டிய பக்கங்கள் குறையவில்லை. அதனால் ராமின் மேல் இருந்த பாரமும் குறையவில்லை.

மாலை 6:30 வாக்கில் முடிவெடுத்தார்கள்: ஓட்டைகளை அடைத்து டேட்டாவை நெருக்கி அடுக்கி மறுபடி எழுதுவதுதான் வழி. அதாவது அடித்த வரிகளை விட்டுவிட்டு ரிஜிஸ்டரையே புதிதாகப் படியெடுப்பது. சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது இதைச் செய்ய அன்றைய மாங்கோடிபியில் வசதி இல்லை. டிஸ்க்கோ நெட்வொர்க் வழியாகப் போகும் அமேசானின் ஸ்டோரேஜ், வேகம் குறைவு. சரிபார்ப்பு எல்லாம் சேர்த்து சுமார் 5 மணி நேரம். இரவு 11:30க்கு சேவை திரும்பியது. ஒரு செக்-இன்கூடத் தொலையவில்லை. ஆனால் மறுநாளும் தொல்லை வந்து சேவை மறுபடி பல மணி நேரம் நின்றது.

எனக்கு இந்தக் கதை பிடிக்கக் காரணம் அதற்குப் பிறகு நடந்தது. டென்ஜெனின் தொழில்நுட்பத் தலைவர் எலியட் ஹொரோவிட்ஸ் சில நாளில் என்ன நடந்தது என்று எண்களோடு பொதுவில் எழுதினார். 66, 67, 50, 300 பைட், 4 கேபி என்று நான் இப்போது சொன்ன எண்கள் நமக்குத் தெரிவதே அதனால்தான். மூடி மறைத்திருந்தால் இந்த எபிசோடே இல்லை.

அதற்குப் பிறகு

2011-இல் வந்த மாங்கோடிபி 2.0-இல் ஒரு தொகுப்பை மட்டும் நெருக்கி அடுக்கும் காம்பாக்ட் கட்டளை வந்தது. 2014 டிசம்பரில் அந்த நிறுவனம் வயர்டைகரை வாங்கியது. அது தன் கேஷைத் தானே நிர்வகிக்கும் ஸ்டோரேஜ் இன்ஜின். ஒரு வருஷத்தில், 3.2 பதிப்பில், அதுவே இயல்பான இன்ஜின் ஆனது. 2019-இல் 4.2 பதிப்பில் பழைய எம்மேப் இன்ஜினை எடுத்தே விட்டார்கள். ஸ்டோன்பிரேக்கரின் 1981 புகாருக்கு 38 வருஷம் கழித்துத் தீர்ப்பு. 2022-இல் குரோட்டி, லெய்ஸ், பாவ்லோ என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள், டேட்டாபேஸில் எம்மேப் வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள் என்கிற தொனியில் ஒரு கட்டுரையே எழுதினார்கள்.

லினக்ஸ் பக்கமும் மாறியது. காலியாக உள்ள ராமை லினக்ஸ் சும்மா விடாது, படித்த ஃபைல்களை அதில் வைத்திருக்கும். அதனால் "ஃப்ரீ" எண் எப்போதும் அடிமட்டத்தில் இருக்கும், பார்ப்பவருக்கு நெஞ்சு படபடக்கும். 2014-இல் கெர்னல் 3.14, "உண்மையில் எடுத்துக்கொள்ளக் கூடியது எவ்வளவு" என்று ஒரு தனி எண்ணைக் காட்ட ஆரம்பித்தது. 2018 டிசம்பரில் 4.20 இன்னும் ஒரு படி போனது. ஃபேஸ்புக்கின் யோஹானஸ் வெய்னர் எழுதிய பிரஷர் ஸ்டால் என்கிற அளவீடு. எவ்வளவு மெமரி காலி என்று அது சொல்லாது. மெமரி கிடைக்காமல் புரோகிராம்கள் எத்தனை சதவீத நேரம் காத்து நின்றன என்று சொல்லும். டென்னிங் கேட்கச் சொன்ன கேள்வி, சரியாக 50 வருஷம் கழித்து, பல லினக்ஸ் மெஷின்களில் ஒரு ஃபைலாக உட்கார்ந்திருக்கிறது.

அலர்ட் வந்தால் என்ன பார்ப்பது

சரி, வரலாறு போதும். ராத்திரி 2 மணி, அலர்ட் வந்தாச்சு. நான் பார்க்கிற வரிசையைச் சொல்கிறேன்.

முதலில், யாராவது காத்திருக்கிறார்களா? மெமரி 95 சதவீதம் என்பது தகவல் மட்டும்தான். டேட்டாபேஸ் சர்வரில் ராம் நிரம்பி இருப்பதுதான் ஆரோக்கியம், அதற்குத்தானே காசு கொடுத்தோம். டிஸ்க் ரீட் வழக்கத்தைவிட ஏறியிருக்கிறதா, ஸ்வாப் உள்ளே வெளியே ஆடுகிறதா, பிரஷர் ஸ்டால் எண் எகிறுகிறதா? மூன்றும் அமைதியாக இருந்தால் போய்ப் படுக்கலாம். காலையில் நிதானமாகப் பார்ப்போம்.

காத்திருக்கிறார்கள் என்றால், டென்னிங்கின் மருந்து: ஆட்களைக் குறை. மெஷினைப் பெரிதாக்க நேரம் எடுக்கும், கனெக்‌ஷன் எண்ணிக்கையைக் குறைக்க நேரம் எடுக்காது. போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு கனெக்‌ஷனும் தனி ப்ராசஸ். ஒவ்வொன்றும் சார்ட் செய்யத் தனியாக மெமரி எடுக்கும், ஒரே குவெரி பல தடவைகூட எடுக்கும். 500 கனெக்‌ஷனை 100 ஆக்கினால் அதே சர்வர் அதிக வேலை செய்வது அதிசயமில்லை. உள்ளே வர விடாமல் வாசலில் வரிசையில் நிற்க வைப்பது யூசருக்கு எரிச்சல்தான். ஆனால் எல்லோரும் உள்ளே வந்து யாரும் நகராமல் நிற்பதற்கு இது எவ்வளவோ மேல்.

மூன்றாவது, பழைய டேட்டாவை டெலீட் செய்தால் மெமரி குறையும் என்று அந்த நேரத்தில் நம்பி இறங்காதீங்க. ஹாஸ்டல் ரிஜிஸ்டர் ஞாபகம் இருக்கட்டும். போஸ்ட்கிரெஸின் பக்கம் 8 கேபி, இன்னோடிபியின் பக்கம் 16 கேபி. பக்கம் பெரிதாக ஆக, அது முழுசாகக் காலியாவது இன்னும் கஷ்டம். போஸ்ட்கிரெஸில் சாதாரண வேக்யூம் அந்த ஓட்டைகளைப் புது வரிகளுக்குத் தயார் செய்யும், அவ்வளவுதான். டேபிளையே நெருக்கி எழுதுகிற வேக்யூம் ஃபுல், அந்த வேலை முடிகிற வரை டேபிளை முழுசாகப் பூட்டிவிடும். பிஸியான நேரத்தில் அதை ஓட்டினால் நீங்களே சர்வரை நிறுத்தியதற்குச் சமம். தேதி வாரியாக முதலிலேயே டேபிளைப் பிரித்து வைத்திருந்தால் கதை வேறு. அப்போது ஒரு முழு ரிஜிஸ்டரையே தூக்கிப் பரணில் போடலாம்.

நான்காவது ராத்திரி வேலை இல்லை, பகல் வேலை. வொர்க்கிங் செட் எவ்வளவு, வாரத்துக்கு எவ்வளவு வளர்கிறது, எந்தத் தேதியில் ராமைத் தொடும்? ஃபோர்ஸ்கொயரின் அந்த மெஷின் இரண்டு மாதத்தில் 33-லிருந்து 67 ஜிபி ஆனது. சராசரி போட்டால் நாளைக்கு அரை ஜிபிக்குக் கொஞ்சம் மேல். 56 ஜிபியில் ஒரு அலர்ட் வைத்திருந்தால் இரண்டு வாரத்துக்கும் மேல் அவகாசம் கிடைத்திருக்கும். மூன்றாவது மெஷினை ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் சாவகாசமாகச் சேர்த்திருக்கலாம், டேட்டாவை நெருக்கி எழுத ராத்திரிகள் நிறைய இருந்திருக்கும். நிரம்பிய பிறகு நகர்த்துவதுதான் கஷ்டம். ஏனென்றால் நகர்த்தும் வேலைக்கே மெமரியும் டிஸ்க்கும் வேணுமே, அதுதான் அங்கே மிச்சமில்லையே.

இந்த வாரம் உங்க டீமில் யாரிடமாவது ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: "நம்ம டேட்டாபேஸின் வொர்க்கிங் செட் எவ்வளவு?" டேட்டா அளவைச் சொல்லிவிட்டு நகர்ந்தால் விடாதீங்க, தொடுகிற அளவைக் கேளுங்க. பதில் கிடைச்சா எனக்கும் எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடில் படிக்கிறேன்.

அடுத்த வாரம் சந்திப்போம் மக்களே. நல்லாத் தூங்குங்க.